வளர்றது கல்லீரல், குழாய் இல்ல

கல்லீரல் தானம்னு சொன்னதும் எல்லாரும் சொல்ற ஒரு வரி இருக்கு: பாதி வெட்டிக் குடுத்தாலும் திரும்ப வளர்ந்துடும். உண்மைதான். ஆனா வளர்றது சதை. பித்தநீரை வெளியே கொண்டுவர்ற குழாயை ஒருத்தர் உட்கார்ந்து தைச்சுத்தான் ஆகணும். இன்னைக்கு எபிசோட் அந்தக் குழாயைப் பத்தி.

1950-கள், பாரிஸ். க்ளோத் குயினோ என்ற அறுவை மருத்துவர், இறந்தவர்களோட கல்லீரலை எடுத்து, உள்ளே ஓடும் குழாய்களில் பிளாஸ்டிக் திரவத்தைச் செலுத்துவார். அது இறுகினதும் சதையை அமிலத்தில் கரைச்சுடுவார். மிஞ்சுறது இலையில்லா மரம் மாதிரி ஒரு குழாய்க்கூடு. இப்படி நூற்றுக்கும் மேல செஞ்சு பார்த்துட்டு 1957-ல ஒரு புத்தகம் எழுதினார். கல்லீரல் ஒரே கட்டி இல்ல, 8 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் வர்ற வழியும் பித்தம் போற வழியும் தனி. அதாவது, பிரிக்கலாம்.

ஆனா அதே கூடுகளில் இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது. வலது நாளம் ஒன்று, இடது நாளம் ஒன்று, ரெண்டும் சேர்ந்து பொது நாளம்: இந்தப் பாடப்புத்தகப் படம் சுமார் 57 சதவீதம் பேருக்குத்தான் பொருந்துது. மற்றவங்களில் சிலருக்கு வலப்பக்கத்தின் முன்கிளையும் பின்கிளையும் தனித்தனியா வந்து சேரும். சிலருக்குப் பின்கிளை ரோடு மாறி இடது நாளத்துல போய் இணையும். சும்மா இருக்கிறவரை இதனால ஒரு தொந்தரவும் கிடையாது. டாக்குமென்டேஷனே இல்லாத பழைய கோட் மாதிரி, கை வைக்காதவரை நல்லா ஓடும்.

கை வைக்க வேண்டிய நாள் 1988 டிசம்பர்ல வந்தது. சாவோ பாலோவில் சில்வானோ ராயா உயிரோட இருக்கிறவரிடமிருந்து கல்லீரல் பகுதியை எடுத்து ஒரு குழந்தைக்கு வைத்தார், குழந்தை பிழைக்கல. 1989 ஜூலையில் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஜப்பானிலிருந்து வந்த ஒரு அம்மாவின் கல்லீரல் பகுதியை அவங்க மகனுக்கு வைத்தார். பையன் பிழைச்சான். ஜப்பான்ல இருந்து ஏன் ஆஸ்திரேலியா வரை போகணும்? 1968-ல சப்போரோவில் நடந்த இதய மாற்று கிளப்பின சர்ச்சையில, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அங்கே 1997 வரை சட்டமே வரல. காத்திருக்கிற குழந்தைக்கு அப்பா அம்மாதான் கதி.

அந்தக் குழந்தைகளில் நிறைய பேருக்கு நோயே பித்தநாளம் அடைபட்டுப் போறதுதான். நம்ம நாட்டிலும் 1998-ல டில்லியில் முதன்முதலா வெற்றிகரமா இப்படி மாற்று செய்யப்பட்டது அதே நோயுள்ள ஒரு தமிழ்நாட்டுக் குழந்தைக்கு. கொடுத்தது அப்பா.

குழந்தைக்கு இடது ஓரத்துச் சின்னப் பகுதி போதும், பெரும்பாலும் ஒரே குழாய்தான் தைக்கணும். பெரியவங்களுக்கு அது பத்தாது. 1993-ல ஜப்பானில் மசாதோஷி மக்குவுச்சி பெரியவருக்கு இடது மடலை வைத்துக் காட்டினார். 1996-ல ஹாங்காங்கில் ஃபான் குழு வலது மடலுக்குப் போச்சு. அளவுப் பிரச்சினை தீர்ந்தது, குழாய்ப் பிரச்சினை ஆரம்பம். ஏன்னா வலது நாளம் ரொம்பக் குட்டை, கிளை மாறுவதும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

எனக்குத் தூக்கம் வராம பண்ணின இடம் இதுதான். சர்ஜன் சந்திப்புக்குப் பக்கத்துல வெட்டினா, வாங்குறவருக்கு ஒரே வாய் கிடைக்கும், தைக்க சுலபம். ஆனா கொடுக்கிறவரோட பொது நாளம் பின்னாடி சுருங்கிடலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினா கொடுக்கிறவர் பத்திரம். வாங்குறவருக்கு ரெண்டு மூணு வாய், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம். போதாக்குறைக்கு இந்த நாளத்துக்கு ரத்தம் கல்லீரல் தமனியிலிருந்துதான் வருது. சுத்தியிருக்கிற திசுவை அதிகமா உரிச்செடுத்தா தையல் ஆறாது. பித்தம் கசியும், இல்ல மாசக்கணக்குல கழிச்சு இடம் சுருங்கி மஞ்சள் காமாலையும் காய்ச்சலுமா திரும்ப வரும். அப்புறம் எண்டோஸ்கோப்பி, ஸ்டென்ட், மறுபடி ஸ்டென்ட். உயிர் பெரும்பாலும் போகாது, ஆனா ஆஸ்பத்திரி வாசம் நீளும்.

பெரும்பாலான ஆபரேஷன்ல கத்தி நோயாளி மேலதான். இங்கே எந்த நோயும் இல்லாத ஒருத்தர் மேலயும் படுது. அதனால சந்தேகம் வந்தா கொடுக்கிறவர் பக்கம்தான் சாயணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. சரின்னுதான் எனக்கும் படுது, வாங்குறவர் நம்ம தம்பியா இருந்தாக்கூட.

1990-கள்ல எம்ஆர்ஐ மூலமாகவே பித்தநாளத்தைப் படமெடுக்கும் முறை வந்த பிறகு, குயினோ அமிலத்துல கரைச்சுப் பார்த்ததை இப்போ உயிரோட இருக்கிறவருக்கே பார்க்க முடியுது. ஆபரேஷன் நடுவிலும் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, வெட்டும் இடத்தைக் குறிப்பாங்க. உங்க வீட்டுல யாராவது கொடுக்க முன்வந்தா, ரத்த குரூப் பொருந்துதான்னு கேட்பதோட நிறுத்திடாதீங்க. குழாய் எப்படிப் பிரியுது, வெட்டினா எத்தனை வாய் வரும்னும் கேளுங்க. ஸ்கேனைக் கையில வெச்சுக்கிட்டே அதுக்குப் பதில் சொல்வாங்க.