குப்பாவின் கீழ் ஒலித்த குரல்கள்



மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில் கினிகத்தேனையில் நின்று அதான் ஒலியைச் செவிமடுத்திருப்பீர்கள். முஅத்தின் ஒரு முறை மொழியும் தக்பீர், எதிர்மலையில் பட்டு மீண்டும் நம் காதில் விழுகின்றது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், 170 மீற்றர் தொலைவிலுள்ள மலைச்சரிவு நம் குரலை ஒரு செக்கனில் திருப்பியனுப்பிவிடும். வெட்டவெளியில் இது இன்பமே. அந்த எதிரொலியை நான்கு சுவர்களுக்குள் அடைத்து, மேலே ஒரு குவிமாடத்தையும் கவிழ்த்துவிட்டால் நிலைமை வேறாகும்.

மலையகத்துப் பள்ளிவாசல் ஒன்றில் இதனை நேரில் கண்டேன். ஊரார் பல வருடங்கள் சேர்த்த பணத்தில் அழகியதொரு குப்பா எழுந்தது. முதல் ஜும்ஆவில் கதீபின் குரல் முழங்கியது; ஆனால் சொற்கள் விளங்கவில்லை. ஒலி போதவில்லை எனக் கருதிய நம்பிக்கையாளர் சபை, நான்கு ஒலிபெருக்கிகளை எட்டாக்கியது. நிலைமை மேலும் கெட்டது. தொழுகை முடிந்ததும் ஒரு முதியவர் என் கையைப் பற்றி, "இன்றைக்கு ஹஸரத் என்ன சொன்னார், மகன்?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பின்வரிசைக்குக் குரலைச் சேர்ப்பது பழைய கவலை. நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்த வேளையில் அவர்களது தக்பீரை அபூபக்ர் (ரழி) அவர்கள் உரத்து எடுத்துரைத்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. உஸ்மானியப் பள்ளிகளில் முஅத்தின்களுக்கென உயர்ந்த மேடை அமைக்கப்பட்டதும் இதே நோக்கத்துக்காகவே. மின்சாரமில்லாக் காலத்து ஒலிபெருக்கி மனிதனே!

இனி பீஜப்பூர் செல்வோம். 1656-இல் மறைந்த சுல்தான் முஹம்மத் ஆதில் ஷாவின் அடக்கத்தலமாகிய கோல் கும்பஸின் குவிமாடம் உட்புறம் சுமார் 38 மீற்றர் விட்டமுடையது. அதன் உட்சுற்று மாடத்தில் ஒருவர் முணுமுணுப்பது எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். கைதட்டினால் அவ்வொலி பலமுறை திரும்பி வரும். வளைந்த சுவரை ஒட்டியே ஒலி ஊர்ந்து செல்வதுதான் இம்முணுமுணுப்பின் இரகசியம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், 1921-இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இதனை ஆராய்ந்து, 1922-இல் இத்தகைய மாடங்கள் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். கோல் கும்பஸ் வியப்புக்குரியதுதான். ஆயினும் அங்கே குத்பா ஓதுவாரில்லையாதலால் எதிரொலி எவரையும் வருத்தவில்லை.

மிஃமார் சினானுக்கோ அந்தச் சலுகை இருக்கவில்லை. 1550 முதல் 1557 வரை இஸ்தன்பூலில் அவர் எழுப்பிய சுலைமானியாப் பள்ளியின் குவிமாடம் தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. அதனுள்ளே, வாய் உட்புறம் நோக்கிய மண்சாடிகளைப் பதித்தார். சாடியினுள் அடைபட்ட காற்று, தனக்கேற்ற தாழ்ந்த சுருதி ஒலியைத் தன்பால் ஈர்த்துத் தணிக்கும். மெல்லெழுத்தையும் வல்லெழுத்தையும் மூடிமறைப்பது இந்தத் தாழ்ந்த முழக்கமேயாகும். தரைவிரிப்புகள் கூர்மையான ஒலியை உண்ணும். முழக்கத்தை அவ்வளவாகத் தீண்டா. சினான் பள்ளியின் நடுவே ஹுக்கா குடித்து, அதன் குமிழொலி மூலைகளுக்கு எட்டுகிறதா எனப் பரிசோதித்தார் என்றொரு கதையுமுண்டு. கதை எவ்வாறாயினும் சாடிகள் உண்மை. அவரது பள்ளிகளின் ஒலியமைப்பை 2000 முதல் 2003 வரை ஐரோப்பிய ஆய்வுத் திட்டமொன்று அளந்து பதிவு செய்தது.

மின்னொலி வந்த பின்னர் விடை வேறுவிதமாகக் கிடைத்தது. 1949-இல் ஜேர்மனியின் ஹெல்முட் ஹாஸ் ஓர் உண்மையைக் காட்டினார்: ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து சுமார் முப்பது மில்லிசெக்கனுக்குள் வந்தால், காது அதனை ஒன்றாகவே கொள்ளும், முதலில் வந்த திசையையே ஒலியின் பிறப்பிடமாக நம்பும். 1951-இல் பார்க்கின், டெய்லர் ஆகிய இருவரும் புனித பவுல் பேராலயத்தில் இதனைப் பயன்படுத்தினர். அங்கே ஒரு சொல்லின் முழக்கம் அடங்கப் பத்து செக்கன் வரை செல்லும். அவர்கள் சத்தத்தைக் கூட்டவில்லை. ஒலியைக் குவிமாடத்துக்கு விடாமல் மக்கள் பக்கமே செலுத்தும் நெடிய தூண் ஒலிபெருக்கிகளை நிறுத்தினர். தூரத்துத் தூண்கள் சற்றுத் தாமதித்துப் பேசும்படி காந்தப் பதிவு முறையால் ஏற்பாடு செய்தனர். பத்து மீற்றருக்கு ஏறத்தாழ 29 மில்லிசெக்கன் தாமதம், கணக்கு அவ்வளவே. சுற்றிலும் ஒலிபெருக்கி வைக்க விரும்பும் எவரும் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

நாம் செய்த தவறு இப்போது விளங்கும். எட்டு ஒலிபெருக்கிகளும் மேல்நோக்கிச் சாய்ந்து குப்பாவுக்கே குத்பா ஓதின! போதாக்குறைக்கு, அவ்வளைவின் மையப்புள்ளி அமர்ந்திருப்போரின் தலைமட்டத்துக்கு அருகில் விழுந்தமையால், மேலே சென்ற ஒலி முழுவதும் அவர்கள் மீதே குவிந்தது. புதிதாகக் குப்பா கட்டுவோர் மேசனிடம் முதலில் கேட்கவேண்டியது இந்த மையப்புள்ளியைப் பற்றியே.

பின்னர் ஆறு ஒலிபெருக்கிகளைக் கழற்றினர். எஞ்சிய இரண்டும் மிம்பருக்கு அருகிலுள்ள தூண்களில் தாழ்வாக, ஜமாஅத்தை நோக்கிப் பொருத்தப்பட்டன. முன்வரிசைகளுக்கு இப்போது சொற்கள் விளங்குகின்றன. பின்வரிசைக்குத் தாமதக் கருவி வாங்குவது பற்றிச் சபை இன்னும் ஆலோசித்துக் கொண்டிருக்கின்றது. அந்த முதியவர் காத்திருக்கவில்லை. வெள்ளிதோறும் நேரத்துடன் வந்து தூணடியில் அமர்ந்துவிடுகிறார்.