ஒரு முறை இழுத்துப் பார்த்தால் போதுமா?



வீட்டில் கட்டுக்கம்பி இருந்தால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அறாது. அதையே ஓரிடத்தில் முன்னும் பின்னுமாகச் சில முறை மடக்குங்கள். பட்டென்று முறிந்துவிடும். உங்கள் கை பலம் கூடவில்லை, கம்பியும் மெலியவில்லை. ஆனாலும் முறிந்தது. இதைத்தான் பொறியியலில் 'உலோகச் சோர்வு' என்கிறோம். விமானத்தில் ஏறும் ஒவ்வொருவருடைய உயிரும் இந்தச் சின்ன விஷயத்தோடு சம்பந்தப்பட்டிருக்கிறது.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் பல ஆண்டுகள் பொருள் வலிமைச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுத்து, எத்தனை டன்னில் அறுந்தது என்று நோட்டில் எழுதுவோம். ஒரு நாள் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தா போதுமா? நிஜத்துல தினமும் இழுபடுமே?" பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு வளைகோட்டைக் காட்டி அவனைச் சமாளித்தேன். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்த கதை எனக்கே அப்போது தெரியாது. பிறகு பெர்லினில் இருக்கும் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அதைத் தேடிப் படித்தேன். அதையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மென்மையான மயில்தோகைதானே என்று அளவுக்கு மீறி அடுக்கினால் வண்டியின் அச்சு தாங்காது என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அது அளவு மீறிய பாரத்தைப் பற்றியது. பாரம் அளவுக்குள் இருந்தாலும் அச்சு முறியும் என்பதை ரயில் வந்த பிறகுதான் உலகம் கண்டது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நல்ல அச்சு ஏன் முறிகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

இதற்கு விடை தேடியவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1819இல் பிறந்தவர். ஓடர் நதிக்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ரயில் பட்டறையில் வேலை. அவர் நேராகச் சோதனைக் கூடத்துக்குப் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடும் ரயிலின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைத் தாமே செய்து, வண்டியில் பொருத்தி, முதலில் அதை அளந்தார். அதற்குப் பிறகுதான் அதே அளவு வளைவைச் சுழலும் தண்டுகளுக்கு லட்சக்கணக்கான முறை கொடுத்துப் பார்க்கும் இயந்திரங்களைச் செய்தார்.

1850களிலும் 60களிலும் அவர் கண்டது இதுதான். ஒரே இழுப்பில் முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையே போதும், திரும்பத் திரும்ப வந்தால் இரும்பு முறியும். விசை குறையக் குறையத் தாங்கும் தடவைகள் கூடும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் இரும்பு முறிவதாகவே தெரியவில்லை. நான் மாணவனுக்குக் காட்டிய கோடு இதுதான். அதை இன்றும் வோலர் கோடு என்கிறார்கள். பொருள்களைச் சோதிக்க அரசே நிலையம் நடத்த வேண்டும் என்றும் அவர் வாதாடினார். 1871இல் பெர்லினில் அப்படி ஒன்று தொடங்கியது.

ரயிலில் பிறந்த இந்த அறிவு விமானத்துக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பெர்லினுக்கு அருகே ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் 1906இல் ஒரு புது அலுமினியக் கலவையைக் கண்டுபிடித்தார். சூடாக்கிக் குளிரவைத்து சில நாள் சும்மா வைத்தால் அது தானாகவே கெட்டிப்படும். டூராலுமின் என்று பெயர். லேசானது, பலமானது, விமானத்துக்கென்றே செய்தது போன்றது. ஆனால் இரும்புக்கு இருப்பதுபோல 'இதற்குக் கீழே பயமில்லை' என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. எவ்வளவு சின்ன விசையானாலும், போதுமான தடவை வந்தால் விரிசல் விடும். அதனால் விமானத்துக்கு ஆயுள் கணக்கு போட்டே ஆகவேண்டும்.

1927 செப்டம்பர் 23 அன்று லுஃப்தான்சாவின் டோர்னியர் மெர்குர் விமானம் ஷ்லைட்ஸ் என்ற ஊருக்கு அருகே சிறகு உடைந்து விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்காவுக்கான ஜெர்மன் தூதர் ஆகோ ஃபோன் மால்ட்சான் அவர்களில் ஒருவர். விமானத்திலும் உலோகச் சோர்வைச் சோதிக்க வேண்டும் என்பதை ஜெர்மன் பொறியாளர்கள் அதன்பின் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வேலை நடந்த இடங்களில் முக்கியமானது பெர்லினின் ஆட்லர்ஸ்ஹோஃப் பகுதி. 1912இல் தொடங்கிய ஜெர்மன் விமான ஆய்வு நிலையம் அங்கேதான் இருந்தது. அண்ணன் மகன் என்னை அழைத்துப்போனான். இப்போது அது பல்கலைக்கழக வளாகம். மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நடுவே 1930களில் கட்டிய பெரிய காற்றுச் சுரங்கமும், முட்டை வடிவில் ஒரு கான்கிரீட் கோபுரமும் நிற்கின்றன. அந்தக் கோபுரத்துக்குள் கீழிருந்து மேலே காற்றைச் செலுத்தி, மாதிரி விமானத்தைச் சுழலவிட்டு, நிஜ விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்றால் என்ன ஆகும் என்று பார்த்தார்களாம். பைலட் சாகாமல் அந்த ஆபத்தைப் படிக்க ஒரு வழி. ஆனால் அது நாஜி அரசு போர் விமானங்களைக் குவித்த காலம். அங்கே வளர்ந்த அறிவு அந்தக் கொடுமைக்கும் உதவியது. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்லக்கூடாது.

அதே நிலையத்தில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் காஸ்னர் 1939இல் ஒரு புது யோசனையை வெளியிட்டார். வோலரின் இயந்திரம் ஒரே அளவு விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். வானத்தில் அப்படியா நடக்கிறது? சிறு குலுக்கல்கள் ஏராளம், நடுத்தரக் காற்று சில முறை, பெரிய அடி எப்போதாவது. ஆகவே எட்டு அளவு விசைகளை எடுத்து, சிறியதைப் பல முறையும் பெரியதைச் சில முறையும் கொடுத்து, அந்த வரிசையையே முறிகிற வரைக்கும் திரும்பச் செய்தார். சோதனைக்குள் முதல் முறையாக வாழ்க்கையின் ஏற்ற இறக்கம் வந்தது. பின்னாளில் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வகத்தின் தலைவராக இருந்து, கார்களுக்கும் இந்த முறையைக் கொண்டுபோனார்.

வாழ்க்கையைப் போலச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் காமெட் ஜெட் விமானம் காட்டியது. 1954இல் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடல் பகுதியில் நடுவானில் பிளந்தன. அதன் உடற்பகுதியைச் சோதிக்காமல் விடவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்த அதே துண்டை அதற்கு முன்பே மிக அதிகமான அழுத்தம் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். அந்த முதல் அழுத்தம் உலோகத்தை இன்னும் தாங்கும்படி ஆக்கிவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஜெர்மனியும் இதில் பாடம் படித்தது. வோலர் பிறந்த நாட்டில், அவர் வேலை செய்த ரயிலிலேயே. அதிவேக ரயில் பெட்டிகள் அதிர்கின்றன என்று, எஃகு வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ரப்பர் வைத்த சக்கரங்களை மாட்டினார்கள். டிராம் வண்டிகளில் நன்றாக ஓடிய வகை அது. புதிதில் 920 மில்லிமீட்டர் விட்டம் இருந்த ஒரு சக்கரம் தேய்ந்து 862 ஆகியிருந்தது. வளையம் மெலிய மெலிய, ஒவ்வொரு சுற்றிலும் அது அதிகமாக வளையும். விரிசல் வளையத்தின் உட்புறத்தில் தொடங்கியது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. 1998 ஜூன் 3 அன்று எஷெடே என்ற ஊருக்கு அருகே வளையம் முறிந்தது. ரயில் தடம் புரண்டு, மேலே இருந்த பாலம் இடிந்து, 101 பேர் இறந்தார்கள். டிராமின் வாழ்க்கை வேறு, மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும் ரயிலின் வாழ்க்கை வேறு.

கடைசியாக ட்ரெஸ்டன் நகரம். ஏர்பஸ் ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்தை அங்கே ஒரு பெரிய கூடத்தில் 2005இல் சோதிக்கத் தொடங்கினார்கள். ஐ.ஏ.பி.ஜி. என்ற நிறுவனத்தின் பொறுப்பு. பறக்கவே போகாத முழு விமானம் அது. ஹைட்ராலிக் ஜாக்கிகள் சிறகை ஏற்றி இறக்கின. உள்ளே காற்றை அடைத்து விட்டார்கள். 25 ஆண்டு ஆயுளில் 19,000 முறை பறக்கும் என்று கணக்கிட்டு, அதைப்போல் இரண்டரை மடங்கு, 47,500 முறை, தரையிலேயே 'பறக்க' வைத்தார்கள். காஸ்னரின் யோசனை ஒரு முழு விமானத்தின் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அத்தோடு கவலை தீர்ந்ததா? இல்லை. 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட பிறகு எஞ்சின் வெடித்துச் சேதமான ஒரு ஏ380ஐப் பழுதுபார்த்தபோது, சிறகுக்குள் இருக்கும் இணைப்புத் துண்டுகளில் விரிசல்கள் தெரிந்தன. வெடிப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 2012இல் ஏர்பஸ் காரணம் சொன்னது: தேர்ந்தெடுத்த அலுமினியக் கலவை, பொருத்தும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம், வானத்துக் கடுங்குளிரும் தரைச் சூடும் மாறி மாறி வருவதன் பாதிப்பு. ஜாக்கியால் விசையைக் கொடுக்க முடியும். பத்தாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரை அதனால் கொடுக்க முடியாது. ஆனாலும் இந்த விரிசல்களால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளாமல், விமானங்களை வரிசையாகத் திறந்து பார்த்துச் சரிசெய்தார்கள்.

எந்தச் சோதனையும் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கான பதில் ரயிலிலோ வானத்திலோ வரும். அதனால்தான் நல்ல பொறியாளர் முதலில் வோலரைப் போல வண்டியில் போய் அளக்கிறார், பிறகு சோதிக்கிறார், சோதித்த பிறகும் டார்ச் லைட்டோடு போய் விரிசல் தேடுகிறார்.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு வார்த்தை: தம்பி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் போதாது. உன் கேள்விதான் சரியானது. உனக்கு நான் அன்று கொடுத்த பதில்தான் பாதியிலே நின்றுவிட்டது.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.