கார்பாலிக் அமிலத்திலிருந்து நீராவிக்கு: அறுவைக் கருவித் தூய்மையாக்கத்தின் வரலாறு (1865–1892)

முன்னுரை

அறுவை மருத்துவ வரலாற்றில் 1846-இல் அறிமுகமான ஈதர் மயக்கமுறை பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும், வலியின்றி அறுவை செய்யப்பெற்றோர் பலர் பின்னர்ப் புண் சீழ்பிடித்து இறந்தனர். அவ்விறப்பைத் தடுக்கும் முயற்சி வேதிப்பொருளில் தொடங்கி வெப்பத்தில் நிலைபெற்றது. இம்மாற்றத்திற்கு நுண்ணுயிர் வித்துகள் பற்றிய அறிவே அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லிஸ்டரின் முறை

பாஸ்டரின் நொதித்தல் ஆய்வுகளால் தூண்டப்பெற்ற ஜோசப் லிஸ்டர், 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டினைப் போட்டார். புண் சீழ்பிடிக்காமல் ஆறியது. 1867-இல் ‘லான்செட்’ இதழில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். கருவிகளையும் கைகளையும் அமிலக் கரைசலில் நனைப்பது இம்முறையின் பகுதியாயிற்று.

வித்துகளும் வெப்பமும்

சில பாக்டீரியங்கள் வெப்பத்தைத் தாங்கும் வித்துகளை உண்டாக்குவதை 1876-இல் பெர்டினாண்ட் கோன், ராபர்ட் காக் ஆகியோர் தனித்தனியே விளக்கினர். 1881-இல் காக், எண்ணெயில் கரைத்த கார்பாலிக் அமிலம் ஆந்த்ராக்ஸ் வித்துகளை அழிப்பதில்லை எனக் காட்டினார். உலர்ந்த வெப்பக் காற்றுக்கு 140° செல்சியசில் 3 மணி நேரம் தேவைப்பட, நீராவி குறைந்த வெப்பநிலையிலேயே விரைந்து பயனளித்தது. நீராவி குளிர்ந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைப் பொருளுக்கு அளிப்பதே இதற்குக் காரணம். பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லாந்து உருவாக்கிய அழுத்தக்கலன் (ஆட்டோகிளேவ்) நீராவியை 100°-க்கு மேல் உயர்த்த வழிசெய்தது.

கருவியின் வடிவ மாற்றம்

பெர்லினில் எர்ன்ஸ்ட் வான் பெர்க்மன், அவர்தம் உதவியாளர் கர்ட் ஷிம்மல்புஷ் ஆகியோர் இம்முறையை அறுவை அரங்கிற்குக் கொணர்ந்தனர். கட்டுத்துணிகளுக்கு நீராவியும், கருவிகளுக்கு 1 விழுக்காட்டுச் சோடாக் கரைசலில் 5 நிமிடக் கொதிப்பும் பயன்பட்டன. சோடா கருவிகள் துருப்பிடிப்பதைத் தடுத்தது. ஷிம்மல்புஷின் கையேடு 1892-இல் வெளிவந்தது. கொதிப்பைத் தாங்காத மர, தந்தக் கைப்பிடிகள் மறைந்து, முழுதும் உலோகத்தாலான கருவிகள் பரவின.

முடிவுரை

லிஸ்டரின் கருத்து நிலைத்தது. அவர்தம் அமிலம் நிலைக்கவில்லை. கொதிநீரும் எல்லா வித்துகளையும் அழிப்பதில்லை. ஆதலின் 121° அழுத்த நீராவியே பின்னர் அளவுகோலாயிற்று. எனவே இவ்வரலாற்றை ஒருவரது சாதனையாகக் கொள்ளாது, அறுவை அரங்கும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று திருத்திய வரலாறாகக் கொள்வதே பொருத்தமாகும்.