ஃப்யூஸ் போச்சு: பைக்காராவிலிருந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வரை

இந்த வாரம் ஒரு சின்னப் பொருளோட கதை. ஒரு டீ விலைகூட இருக்காது. உங்க ஸ்கூட்டர்ல எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். அது போற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே நமக்குத் தெரியாது. ஃப்யூஸ்.

தமிழ்ல இந்த வார்த்தை படுற பாட்டைப் பாருங்க. பல்பு எரியலைன்னா "ஃப்யூஸ் ஆயிருச்சு"ம்போம். பல்புல போனது உள்ளே இருக்கற இழை. கரண்ட் பில் கட்டலைன்னா "ஃப்யூஸைப் பிடுங்கிட்டாங்க". எப்படிப் பார்த்தாலும் ஃப்யூஸ்னா கெட்ட சேதி. நான் இன்னைக்குச் சொல்ல வர்றது வேற: ஃப்யூஸ் போறது கோளாறு இல்லை, கோளாறு இருக்குன்னு வந்த தகவல். இதைக் கொங்கு நாடு நிறைய காயில்களைக் கருக விட்டுத்தான் கத்துக்கிட்டது.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது? கம்பியில மின்சாரம் ஓடினா கம்பி சூடாகும். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும். அதனால பாதையில ஒரு இடத்துல வேணும்னே மெல்லிசான கம்பியை வெச்சா, அளவு மீறும்போது அது முதல்ல உருகும், மத்ததெல்லாம் தப்பிக்கும். 1847-லேயே பிரான்ஸில் லூயி பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காப்பாற்ற இந்த மாதிரி மெல்லிய கம்பியைப் பரிந்துரைத்தார். பிறகு எடிசன் வீட்டு விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது, அதோட சேர்ந்தே இதுவும் போனது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-ல் வந்துவிட்டது. ஆனா அது நீராவிக் காலம். கதை மாறினது 1932-ல். நீலகிரியில், பைக்காரா தண்ணீரை 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியா இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அந்தக் கம்பி கோவைக்கு வந்ததும் மில்கள் வரிசையா முளைத்தன. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து ஒரு மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். இந்தியாவின் முதல் மோட்டார் என்று கோவை இன்றும் பெருமையா சொல்லிக்கொள்ளும் மோட்டார் அது.

மோட்டார் மில்லோட நிக்கலை. கிணத்துக்குப் போச்சு. கொங்கு மண்ணுல மழை கம்மி, தண்ணி ஆழத்துல. கமலை கட்டி மாடு இறைச்ச கிணத்துல பம்ப்செட் வந்து உக்காந்துச்சு. கூடவே பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும் வந்துச்சு, ஃபேஸுக்கு ஒண்ணா மூணு.

பிரச்சனையும் அங்கேதான் ஆரம்பம். வோல்டேஜ் குறைஞ்சா, அதே தண்ணியைத் தூக்க மோட்டார் அதிக கரண்ட்டை இழுக்கும். ஃப்யூஸ் போகும். பயிர் வாடுது, கரண்ட் எப்போ வரும் போகும்னு தெரியாது. அந்த நேரத்துல மறுபடி மறுபடி ஃப்யூஸ் கட்ட யாருக்குப் பொறுமை? மெல்லிசு கம்பிக்குப் பதிலா தடிமனா ஒரு செம்புக் கம்பியை முறுக்கி விட்டா, அப்புறம் ஃப்யூஸ் போகாது. மோட்டார் காயில் போகும். இன்னொரு ஆபத்து: மூணு ஃபேஸ்ல ஒண்ணு மட்டும் போனா, ஓடிட்டிருக்கற மோட்டார் நிக்காம மிச்ச ரெண்டுலயே திணறி ஓடும், சூடேறிக் கருகும். கொங்கு ஊர்கள்ல காயில் கட்டுற கடைகளுக்கு வேலை குறையாததுக்கு இதுவும் ஒரு காரணம். அஞ்சு பைசா கம்பியை ஏமாத்தினதுக்கு ஒரு காயில் விலை.

சரி, ஸ்கூட்டருக்கு எப்போ வந்தது இந்த ஃப்யூஸ்?

ஜி.டி. நாயுடு சின்ன வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை 300 ரூபாய்க்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுக் கத்துக்கிட்ட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்ல பொறி மேக்னெட்டோவிலிருந்து வரும், விளக்கு கார்பைடு வாயுவில் எரியும். பேட்டரி இல்லை. அதனால ஃப்யூஸுக்கும் வேலை இல்லை.

ரொம்ப நாள் கழிச்சு, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக்கும் அந்த வம்சம்தான். அப்பா அந்த வண்டியைச் சாய்ச்சு நிமிர்த்தி கிக் அடிச்சதைப் பார்த்திருப்பீங்க. எஞ்சின் வேகம் குறைஞ்சா ஹெட்லைட்டும் மங்கும், ஏன்னா மின்சாரம் வர்றது சுத்துற மேக்னெட்டோவிலிருந்து. எங்கேயாவது ஒயர் உரசினா விளக்கு அணையும், ஹார்ன் கமறும், அவ்வளவுதான். வண்டி வீட்டுக்கு வந்து சேரும்.

1984-ல் கைனெடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பட்டனைத் தொட்டா ஸ்டார்ட். புடவையோ வேட்டியோ, கிக்கரோட மல்லுக்கட்ட வேண்டாம். அந்த பட்டனுக்குப் பின்னாடி ஒரு பேட்டரி வேணும். பேட்டரி வேற ஜாதி. ஷார்ட் ஆனா அளவு பார்க்காது, இருக்கற மொத்த சக்தியையும் ஒரே நொடியில அந்த ஒயருக்குள்ள கொட்டிடும். அதனால பேட்டரி வந்த இடத்துக்கெல்லாம் ஃப்யூஸும் வந்தது.

அப்புறம் வண்டி முழுக்க மின்சாரமாச்சு. 2017 ஏப்ரல்லேர்ந்து ஹெட்லைட் பகல்லயும் எரியுது. 2020-ல் பி.எஸ். 6 வந்ததும் ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் வந்தது, பெட்ரோலைத் தள்றதே மின்சார பம்ப்தான். அதனால இன்னைக்கு மெயின் ஃப்யூஸ் போனா, அவிநாசி ரோட்டுல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல எஞ்சினே அப்படியே அணையும்.

என் வண்டி ஒரே மாசத்துல நாலு தடவை அப்படி நின்னுச்சு. ஒரு கடையில "பெரிய ஃப்யூஸா போட்டுருவோம் தம்பி"ன்னாங்க. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்துல மஞ்சள். யோசிச்சுப் பாருங்க, இது அந்தக் கிணத்தடி செம்புக் கம்பியேதான். சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுத்தறதும் இதுதான். ஃப்யூஸ் உருகலைன்னா, சீட்டுக்கு அடியில பெட்ரோல் டேங்க் பக்கத்துல ஓடுற ஒயர் உருகும்.

நான் வேண்டாம்னுட்டு, சிங்காநல்லூர்ல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். "ஏங்கண்ணு, நாலு தடவை வண்டியக் காப்பாத்தியிருக்குது, அதப் போயித் திட்டற"ன்னார். அப்புறம் ஃப்யூஸ் இருந்த இடத்துல ரெண்டு ஒயர் வெச்சு ஒரு பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டினார். அழகான வித்தை இது. ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், ஆனா சுமார் 3 ஆம்பியருக்கு மேல அது விடாது. ஒயரும் கருகாது, ஃப்யூஸும் வீணாகாது. சாவியைப் போட்டதும் பல்பு மங்கலா எரிஞ்சது. அது மத்த பாகங்கள் இழுக்கற கரண்ட். ஹார்ன், பிரேக் லைட், சார்ஜர் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டினார், மாத்தம் இல்லை. ஹேண்டிலை மெதுவா இடது பக்கம் திருப்பினார். பல்பு பளிச்சுனு எரிஞ்சது.

ஹேண்டில் கழுத்துல ஒயர் கட்டு இழுத்துக் கட்டியிருந்தது. திரும்புறப்பெல்லாம் உரசி உரசித் தோல் போய், செம்பு வெளியில தெரிஞ்சது. முழுசா இடது பக்கம் ஒடிக்கறப்போ மட்டும் அது ஃப்ரேமைத் தொடும். டேப் சுத்தி, கட்டைத் தளர்த்தி, அதே சிவப்பு 10 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டார்.

2008-ல் ஆம்பியர் நிறுவனம் கோவையில் மின்சார ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தது. அந்தப் பெயரே ஃப்யூஸ் மேல எழுதியிருக்கற அலகுதான். இனி வர்ற வண்டிகள்ல பேட்டரி இன்னும் பெருசு, ஷார்ட் ஆனா கொட்டுற சக்தியும் பெருசு. அதனால ஃப்யூஸ் போச்சுன்னா, எத்தனை ஆம்பியர்னு பார்த்து அதையே ஒரு தடவை மாத்துங்க. ரெண்டாவது தடவையும் போச்சுன்னா நிறுத்துங்க. அப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு ஞாபகப்படுத்துங்க: பிரேக் பிடிச்சீங்களா, ஹார்ன் அடிச்சீங்களா, வண்டியைத் திருப்பினீங்களா? மெக்கானிக்குக்கு அந்த ஒரு பதில் போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அடுத்த வாரம் பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க.