பாசறையில் தண்ணீர்: முகலாயர் காலக் கோடைக்கால நீர்க்குளிர்ப்பு முறைகளும் அவற்றின் விலையும்

முன்னுரை

தமிழில் நீருக்கு வழங்கும் பொதுப்பெயராகிய 'தண்ணீர்' என்னும் சொல் தண்மை, நீர் ஆகிய இரண்டின் புணர்ப்பால் அமைந்தது. காய்ச்சிய நீரை 'வெந்நீர்' எனப் பிரித்துரைக்கும் வழக்கும் இதனை உறுதிசெய்கிறது. பேச்சு வழக்கில் 'சுடுதண்ணீர்' என்னும் முரண்தொடர் இயல்பாக வழங்கும் அளவிற்கு அந்த அடைமொழி இன்று தன் பொருளை இழந்துவிட்டது. வீட்டின் நிழலில், மணல்மீது வைத்த மண்பானையில் நீர் தானே குளிர்கிறது. வீட்டைவிட்டு வழியிலும் கூடாரத்திலும் தங்க நேரும்போதுதான் தண்மை முயன்று பெறவேண்டிய பொருளாகிறது.

இந்தியாவில் அம்முயற்சிக்கு விரிவான எழுத்துச் சான்று கிடைக்கும் இடங்களுள் ஒன்று முகலாயப் பேரரசர்களின் நகரும் பாசறையாகும். அக்பரின் அவைக்களத்து அறிஞர் அபுல் ஃபசல் இயற்றிய 'அயினி அக்பரி', ஔரங்கசீப்பின் பாசறையுடன் பயணம் செய்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியேவின் மடல்கள் ஆகிய இரண்டும் இதற்கு முதன்மைச் சான்றுகள். வெடியுப்பால் நீரைக் குளிர்விக்கும் முறை பெரியோர் சிறியோர் அனைவருக்கும் மகிழ்ச்சி தந்தது என்றும், கோடையில் எல்லாத் தரத்தினரும் பனிக்கட்டி பயன்படுத்தினர் என்றும் அபுல் ஃபசல் கூறுகிறார். அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை அதே நூல் தரும் விலை, கூலிக் குறிப்புகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் நகரம்

முகலாயப் பேரரசர் பயணம் செய்யும்போது அரண்மனையின் துறைகள் பலவும் உடன்சென்றன. அவற்றுள் ஒன்று 'ஆப்தார்கானா' எனப்பட்ட குடிநீர்த்துறை. பேரரசருக்கு இரண்டு தொகுதிக் கூடாரங்கள் இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்திற்கு முன்கூட்டிச் செல்லும். கங்கை நீர், அதனைக் குளிர்விக்கும் வெடியுப்பு, பழங்கள், இனிப்புகள், வெற்றிலை ஆகியவற்றுக்கெனப் பேரரசரின் பாசறையில் கூடாரங்கள் இருந்ததைப் பெர்னியே குறிப்பிடுகிறார்.

அக்பர் அரண்மனையில் இருப்பினும் பயணத்தில் இருப்பினும் கங்கை நீரையே பருகினார். ஆக்ராவிலும் ஃபதேபூரிலும் அவை கூடிய காலத்தில் சோரோன் பகுதியிலிருந்தும், பஞ்சாபில் தங்கிய காலத்தில் அரித்துவாரிலிருந்தும் முத்திரையிட்ட கலங்களில் நீர் வந்தது. சமையலுக்கு மழைநீரோ யமுனை, செனாப் ஆறுகளின் நீரோ பயன்பட்டது. அதிலும் சிறிது கங்கை நீர் கலக்கப்பட்டது. வேனிலின் தொடக்கத்தில் 19 நாள் நிகழ்ந்த நவ்ரோஸ் விழாவையும் அதனைத் தொடர்ந்த கடுங்கோடையையும் அவை இத்தகைய ஏற்பாட்டுடனேயே எதிர்கொண்டது.

வெடியுப்பு முறை

வெடிமருந்தில் வெப்பத்தை எழுப்பும் அதே உப்பு நீரைக் குளிர்விக்கவும் பயன்படுவதை அபுல் ஃபசல் வியப்புடன் சுட்டுகிறார். அவர் தரும் செய்முறை தெளிவானது. வெள்ளீயக் கலவை, வெள்ளி போன்ற உலோகத்தால் ஆன கூஜாவில் ஒரு சேர் நீர் ஊற்றி வாயை மூடவேண்டும். வேறொரு கலத்தில் ஐந்து சேர் நீருடன் இரண்டரை சேர் வெடியுப்பைச் சேர்த்து, அக்கரைசலில் கூஜாவைக் கால்மணி நேரம் சுழற்றவேண்டும். அக்காலத்துச் சேர் இன்றைய அளவில் ஏறத்தாழ 600 கிராம் ஆகும்.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். இது நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்க்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 45 கிராம் வரை கரையும். நூல் கூறும் அளவோ 100 கிராம் நீருக்கு 50 கிராம் ஆகும். கரையக்கூடிய எல்லையை ஒட்டியே அளவு அமைந்துள்ளது. அதற்குமேல் உப்பிட்டால் அது கரையாது தங்கிவிடும். கூடுதல் குளிர்ச்சி கிட்டாது. ஆகவே இவ்வளவு பலமுறை செய்துபார்த்துக் கண்ட அளவாதல் வேண்டும் எனக் கருதலாம். பருகும் நீர் மூடிய கூஜாவினுள் இருப்பதால் உப்பு அதனுடன் கலப்பதில்லை.

பனிக்கட்டி

1585-86ஐ ஒட்டி அவை பஞ்சாபிற்கு இடம்பெயர்ந்த பின்னர்ப் பனியும் பனிக்கட்டியும் வழக்கிற்கு வந்தன. லாகூரிலிருந்து ஏறத்தாழ 45 குரோசம் தொலைவிலிருந்த வடமலைப் பகுதியிலிருந்து அவை படகிலும் வண்டியிலும் ஆள்சுமையாகவும் கொண்டுவரப்பட்டன. பத்துப் படகுகள் இப்பணியில் ஈடுபட, நாள்தோறும் ஒன்று தலைநகரை அடைந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு படகோட்டிகள் இருந்தனர். ஆள்சுமையாகக் கொணரும்போது 14 கட்டங்களுக்கு 28 ஆட்கள் தேவைப்பட்டனர். உருகியது போக எஞ்சியதே விலைக்கு வந்தது. உயர்குடியினர் ஆண்டு முழுவதும் பனிக்கட்டியைப் பயன்படுத்தினர்.

விலையும் கூலியும்

அயினி அக்பரியின்படி ஒரு ரூபாய்க்கு முக்கால் மணங்கு முதல் நான்கு மணங்கு வரை வெடியுப்புக் கிடைத்தது. மணங்கு ஒன்றுக்கு 40 சேர் என்பதால் இது 30 முதல் 160 சேர் ஆகும். ஒரு சேர் நீருக்கு இரண்டரை சேர் உப்பு என்னும் கணக்கில், ஒரு ரூபாய் உப்பால் 12 முதல் 64 சேர் வரை நீரைக் குளிர்விக்கலாம். பனிக்கட்டியோ ஒரு ரூபாய்க்கு இரண்டு அல்லது மூன்று சேர் மட்டுமே.

ரூபாய்க்கு 40 தாம் என்னும் கணக்கில், ஒரு சேர் நீரைக் குளிர்விக்கும் உப்பின் விலை முக்கால் தாமுக்குச் சற்றுக் குறைவு முதல் மூன்று தாமுக்குச் சற்று மிகுதி வரை ஆகிறது. ஒரு சேர் பனிக்கட்டியின் விலை 13 முதல் 20 தாம் வரை. அந்நூலின் கூலிப்பட்டியலில் தண்ணீர் சுமப்போர்க்கு நாளொன்றுக்குக் குறிக்கப்பெற்ற கூலி இரண்டு அல்லது மூன்று தாம்.

இவ்வெண்களை ஒருங்கே நோக்கும்போது உண்மை புலனாகிறது. ஒரு சேர் பனிக்கட்டிக்குத் தண்ணீர் சுமப்பவர் நான்கு முதல் பத்து நாள் கூலியைத் தரவேண்டும். உப்பு விலையேறிய காலத்தில் ஒரு செம்பு நீரைக் குளிர்விக்க அவருடைய ஒருநாள் கூலி முழுவதும் போதாது. விலை மலிந்த காலத்திலும் கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை கரையும். கரைசலை உலர்த்தியோ காய்ச்சியோ உப்பை மீட்கலாம் என்பது உண்மையே. எனினும் அடிக்கடி இடம்பெயரும் பாசறையில் அது ஏவலாளரும் விறகும் உடையார்க்கே இயலும். எனவே 'அனைவரும்' என அபுல் ஃபசல் குறிப்பது அவையைச் சார்ந்தோருள் பெரியோரும் சிறியோருமே எனக் கொள்வது பொருந்தும். அந்நீரைச் சுமந்தோர் அச்சொல்லினுள் அடங்கார்.

ஈரத்துணியும் தோற்பையும்

விலையற்ற முறை ஒன்றும் அப்பாசறையில் வழங்கியது. 1664 இறுதியில் தில்லியிலிருந்து புறப்பட்ட ஔரங்கசீப்பின் பயணத்தில் பெர்னியே உடன்சென்றார். வெள்ளீயக் குடுவையை ஈரத்துணியால் போர்த்து, காற்றில் இடைவிடாது அசைத்தோ, தரையில் படாதவாறு முக்காலியில் வைத்தோ நீரைக் குளிர்விக்கும் வழக்கத்தை அவர் விவரிக்கிறார். துணியிலுள்ள ஈரம் ஆவியாகும்போது குடுவையின் வெப்பத்தையும் ஈர்க்கிறது. பிற இழப்புகளை நீக்கிக் கணக்கிட்டால், 17 கிராம் நீர் ஆவியாவது ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தைப் பத்துப் பாகை குறைக்கப் போதுமானது. மண்பானை கசிவதும் தோற்பை வியர்ப்பதும் இதே நெறியிலானவை. தண்ணீர் சுமப்பவரின் ஆட்டுத்தோற்பையிலேயே அவருக்குரிய குளிர்ச்சி இருந்தது.

வடநாட்டின் வறண்ட வெப்பக்காற்றில் இம்முறை மிக நன்கு பயன்படும். மழைக்காலத்துப் புழுக்கத்தில் ஆவியாதல் தளர்ந்துவிடும். வெடியுப்போ காற்றின் ஈரப்பதத்தைச் சார்ந்ததன்று. எளிய முறை இருந்தும் அவை செலவுமிக்க முறையை நாடியதற்கு இது ஒரு காரணமாகலாம்.

தண்மையினும் தூய்மையே பாசறையில் பெருஞ்சிக்கலாக இருந்தது. பெருந்திரளான மனிதரும் விலங்குகளும் கலக்கிய நீர் காய்ச்சலையும் கால்களில் புழுவையும் உண்டாக்கியதைப் பெர்னியே அச்சத்துடன் எழுதுகிறார். அவர் குறிப்பது நரம்புச்சிலந்தி நோய் எனக் கருதலாம். இந்தியா அதனின்று விடுபட்டதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. தம் புரவலர் தானிஷ்மந்த் கான் நாள்தோறும் ஒரு குடுவை கங்கை நீர் அளிக்க இசைந்ததைப் பெர்னியே நற்பேறாகக் கருதினார். அவையைச் சார்ந்த பிறரைப் போலவே கானும் பல ஒட்டகங்களில் அந்நீரை ஏற்றியிருந்தார். அத்தகைய புரவலர் இல்லாதார்க்குக் கலங்கிய நீரே எஞ்சியது.

பிற்கால நிலை

கல்கத்தாவின் ஆங்கிலேயர் இல்லங்களிலும் 'ஆப்தார்' என்னும் பணியாளர் வெடியுப்பால் நீரையும் மதுவையும் குளிர்வித்தார். 1833இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி கல்கத்தாவை அடைந்தபின் அப்பணி படிப்படியாக மறைந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கு, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

முடிவுரை

பாரசீகத்தின் 'கூஸா' தமிழில் 'கூஜா'வாகி, தொலைவழிப் பயணத்தின் அடையாளமாக நிலைபெற்றது. ஆனால் வழிச்செல்வோரின் தாகம் தீர்க்கத் தமிழகம் கண்ட ஏற்பாடு வேறு. சோழர் காலக் கல்வெட்டுகள் தண்ணீர்ப் பந்தலுக்கு விடப்பட்ட நிலங்களைக் குறிக்கின்றன. நீர் இறைப்பார், நீர் வார்ப்பார், கலமிடும் குயவர் ஆகியோர்க்கு உரிய பங்கும் அவற்றில் வரையறுக்கப்பட்டது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது.

இரண்டு ஏற்பாடுகளிலும் நீரைச் சுமந்தவர் உண்டு. முகலாய ஆவணத்தில் அவர் கூலிப்பட்டியலிலும், அந்நீரின் இன்பம் மற்றோர் இயலிலும் இடம்பெறுகின்றன. சோழர் கல்வெட்டில் நீரும் அதனை இறைத்தவர்க்குரிய பங்கும் ஒரே ஆவணத்தில் நிற்கின்றன. பாசறைத் தண்மையின் வரலாற்றை அரசரின் கூஜாவிலிருந்து மட்டும் எழுதாமல், விலைப்பட்டியலையும் கூலிப்பட்டியலையும் இணைத்து எழுதும்போதே அது முழுமை பெறும்.