பட்டிப்பூ: ஒரு மருந்தின் வரலாறு

எங்கள் ஊர் மையவாடிச் சுவரோரம் ரோசா நிறத்தில் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டார் அதை நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லிகை என்றும் சொல்வர். மடகஸ்கார் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. அதைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது என் மாமியின் ஒரு கேள்வி.

மாமிக்குக் கழுத்தில் கட்டிகள்; நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். மூன்று மாதத்தைக் கருஞ்சீரக எண்ணெயோடு கடத்திவிட்டுத்தான் மகரகமவுக்குப் போனார். அங்கே ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். "இது பட்டிப்பூவில இருந்து எடுத்தது மாமி" என்றேன். "அப்படியெண்டா அந்த இலையையே அவிச்சிக் குடிச்சா என்ன மகன்?"

நியாயமான கேள்விதான். உலகமும் முதலில் அதை அவித்துத்தான் குடித்தது, ஆனால் வேறொரு நோய்க்கு. ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் எங்கட பக்கங்களிலும் சீனி வருத்தத்துக்கு அதன் கஷாயம் வழங்கி வந்தது. 1952இல் கனடாவைச் சேர்ந்த டொக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து நோயாளி ஒருவர் 25 இலைகளைக் கடித உறையில் வைத்து அனுப்பினார். (1921இல் இன்சுலின் ஆய்வில் முதலில் சேர்வது யார் என்று நாணயம் சுண்டியபோது தோற்றவர் இந்த நோபிள்தான்.) அவர் அவற்றை மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி றொபேட் நோபிளிடம் கொடுத்தார்.

எலிகளுக்குக் கஷாயத்தைப் பருக்கினார்கள். சீனி குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் செத்தன. ஏனென்று பார்த்தால், அவற்றின் வெண்குருதிக் கலங்கள் அருகிப் போயிருந்தன. என்பு மச்சை வறண்டிருந்தது. வேறொருவர் இலைகளைக் குப்பையில் போட்டிருப்பார். நோபிளோ, வெண்கலங்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது உதவாதா என்று யோசித்தார். அவரோடு சேர்ந்த இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர் 1958அளவில் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் எலி லில்லி கம்பனியும் தனிவழியே அதே செடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் அங்கீகாரம் பெற்றது. குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இறந்துபோன காலம் அது. இம்மருந்தையும் பிறவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் வசதியுள்ள நாடுகளில் இன்று பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் அளவில் பிழைக்கிறார்கள்.

அது கலத்தை எப்படிக் கொல்கிறது? கலமொன்று இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்க, தியூபுலின் என்ற புரதத்தால் நுண்ணிய குழாய்களைக் கட்டும். வின்கிறிஸ்டின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, குழாய் எழும்பாது. கலம் பிரியவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நடுவழியில் நிற்கும். கடைசியில் தனக்குள் எழுதப்பட்டிருக்கும் முடிவைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். இந்தக் கலச்சாவுக்கு 1972இல் கெர், வைலி, கறி என்ற மூவர் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார்கள்: அப்போப்டோசிஸ். இலையுதிர்வு என்று பொருள். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போகுமா?

மாமியின் கேள்விக்கு வருவோம். ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கோ ஒரு தடவையில் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிஞ்சினால் நரம்பைத் தாக்கும். கஷாயச் சட்டியில் எது எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது?

கருஞ்சீரகத்தின் கதை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதன் எண்ணெயிலிருந்து தைமோகுவினோனை எல் தகாக்னி பிரித்துக் காட்டியதும் அதே 1963இல்தான். ஆய்வுகூடத் தட்டில் அது புற்றுக் கலங்களை இலையுதிர்வுக்குத் தள்ளுகிறது, இது உண்மை. மனிதரில் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக அது நிறுவப்படவில்லை, இதுவும் உண்மை. ஹதீஸை மதிக்கிறவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படத் தேவையில்லை. இப்னு சீனாவும் ஹதீஸ் அறிந்தவர்தான். தன் 'அல்கானூன்' இரண்டாம் நூலில் மருந்தைச் சோதிக்க விதிகள் வகுத்தவர் அவர்: பலன் எப்போதும் ஒரேவிதமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்குச் சான்றாகாது. தட்டில் வளர்த்த கலம் அதைவிடத் தூரம்.

இதையெல்லாம் மாமிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்த மூணு மாசம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த ஊசிக்குரிய திகதியைக் கலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்தேன்.