எல்லைக்கோட்டில் விடுபட்ட பச்சை மரங்கொத்தி

நாகர்கோவிலைச் சுற்றி எந்தத் தென்னந்தோப்பில் போய் நின்றாலும் மரங்கொத்தி கண்ணில் படும். பொன்னிற முதுகு, சிவப்புக் கொண்டை, தோப்பு முழுக்கக் கேட்கும் சிரிப்பொலி. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதை அடையாளம் சொல்லிவிடும். அதே கன்னியாகுமரி மாவட்டத்தின் வடக்கே, மலையடிவாரத்துக் காடுகளிலும் தோட்டங்களிலும் பச்சை நிறத்தில் இரண்டு மரங்கொத்திகள் உண்டு என்று சொன்னால் பலரும் நம்பத் தயங்குவார்கள். தயக்கத்தில் தப்பில்லை. பறவை இலைக்குள் இருக்கும்போது இலை நிறம், பாசி பிடித்த அடிமரத்தில் ஒட்டியிருக்கும்போது பாசி நிறம். அது இடம் மாறிப் பறக்கும்போதுதான் தெரியும்.

முதலாவது, மஞ்சள் பிடரி மரங்கொத்தி. மைனாவை விடக் கொஞ்சம் பெரிது. பிடரியில் மஞ்சள் கொண்டை. ஈரமான காட்டிலும் அதன் ஓரத்துத் தோட்டங்களிலும் இருப்பது. இரண்டாவது அதைவிடச் சற்றுப் பெரியது. தொண்டையில் கீற்றுகள், வயிற்றில் செதில் செதிலான கோலம், பறக்கும்போது பளிச்சிடும் மஞ்சள் இடுப்பு. ஆணுக்கு உச்சந்தலை சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. பழைய நூல்கள் இதைச் சின்னச் செதில்வயிற்றுப் பச்சை மரங்கொத்தி என்று குறித்தன. மரங்கொத்தி என்று பெயர் எடுத்திருந்தாலும் இது நிறைய நேரம் தரையில்தான் கழிக்கிறது. எறும்பும் கறையானும் இதற்கு முக்கியத் தீனி. ஐரோப்பாவில், இங்கிலாந்துப் புல்வெளிகளில் எறும்பு தின்னும் பச்சை மரங்கொத்தி இதற்கு நெருங்கிய உறவு.

இந்த இரண்டையும் பற்றிய எழுத்து நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுக்கு எப்படி வந்தது, பிறகு எப்படி விட்டுப்போனது என்பது தனிக் கதை.

எழுத்துக்கு முன்பே இவற்றை அறிந்தவர்கள் இருந்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக்காரப் பழங்குடியினருக்கும், மலையில் தேனும் குங்கிலியமும் தேடிப் போனவர்களுக்கும் காட்டின் ஒவ்வொரு சத்தமும் பழக்கம். அந்த அறிவு வாய்மொழியாகவே இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏற்றியவர்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள்.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், மஞ்சள் பிடரி மரங்கொத்தியின் தென்னிந்தியத் துணை இனத்தை 1845இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அடுத்த தலைமுறையில் ஆஷாம்பு மலைச் சரிவுகளில் காட்டை வெட்டிக் காப்பி போட்ட வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். காடு திறந்தபோது பறவைகளும் கைக்கு எட்டின. அன்று நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்து மலைகளில் ஃபிராங்க் பூர்டில்லன் சேர்த்த பறவைத் தோல்களை வைத்து ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1876இல் தன் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் முதல் பட்டியலை வெளியிட்டார். 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரஸின் முதல் மாநாட்டுக்கு வித்திட்ட அதே ஹியூம்தான். தன் பறவைச் சேகரிப்பை, தோலும் முட்டையுமாக எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை, அவர் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். நம் மலைப் பறவைகள் கடல் கடந்து போன கதை இப்படி.

திருவனந்தபுரத்தில் இன்னொரு வழி திறந்தது. 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஹரால்டு ஃபெர்குசனும், சமஸ்தானத்தின் வனத்துறைத் தலைவர் தாமஸ் ஃபுல்ட்டன் பூர்டில்லனும் சேர்ந்து ‘திருவிதாங்கூர்ப் பறவைகள்’ என்ற நீண்ட கட்டுரைத் தொடரை 1903, 1904 ஆண்டுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். பறவைகளோடு அவற்றின் கூடுகளையும் சேர்த்து எழுதினார்கள். மரங்கொத்தியின் கூடு பொந்துக்குள் இருப்பது. எந்த மரம், எவ்வளவு உயரம், எந்த மாதம் என்று தெரியாமல் அதை எழுத முடியாது. மரமறிந்த ஒருவரும் பறவையறிந்த ஒருவரும் சேர்ந்ததால் நடந்த காரியம். தாமஸ் பூர்டில்லன் 1908இல் திருவிதாங்கூரின் காட்டு மரங்கள் பற்றித் தனி நூலே போட்டவர். அயினி, ஈட்டி, வெண்தேக்கு என்று மரத்தை அறிந்தவர் எழுதும் பறவைக் குறிப்பில் பறவை மட்டும் தனியாகப் பறப்பதில்லை, அதன் வீடும் கூடவே வருகிறது. இந்த இரட்டை அறிவு பிற்காலத்தில் அபூர்வமாகிவிட்டது என்பது வருத்தமான செய்தி.

அதே காலத்தில்தான் பேச்சிப்பாறை அணை எழுந்தது. பொறியாளர் மிஞ்சின் துரையின் மேற்பார்வையில் 1906இல் முடிந்த அந்த அணை நாஞ்சில் நாட்டு ஏலாக்களுக்குத் தண்ணீர் தந்தது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் மலையடிவாரக் காட்டின் ஒரு பகுதி போயிற்று. அணை இல்லாத நாஞ்சில் நாட்டை இன்று எண்ணிப் பார்க்கவே முடியாது. காடு இருந்த இடத்தையும் கூடவே நினைவில் வைத்திருப்பது நல்லது.

பிறகு பறவையியலாளர் சாலிம் அலி வந்தார். அன்று அவருக்கு நிலையான வேலை இல்லை. சமஸ்தானங்களின் உதவியோடு பறவைக் கணக்கெடுப்பு செய்துகொண்டிருந்தார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஆதரவளிக்க, 1933 ஜனவரியில் மறையூரில் தொடங்கினார். கூடவே மனைவி தெஹ்மினா. மலைக்காடுகளில், கிடைத்த இடத்தில் முகாம் போட்டுத் தங்கிய அந்தப் பயணத்தில் முகாம் வாழ்க்கையைச் சுமந்து நடத்தியவர் அவர்தான்.

அன்றைய முறை இன்றைய பறவை நோக்கர்களுக்குக் கசக்கும். சுட வேண்டும், தோலை உரிக்க வேண்டும், உள்ளே பாஷாணம் பூசிப் பஞ்சு அடைக்க வேண்டும், காலில் ஒரு துண்டுச் சீட்டு கட்ட வேண்டும். அந்தச் சீட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம். இடம், தேதி, உயரம், ஆணா பெண்ணா, கண்ணின் நிறம், அலகின் நிறம், வயிற்றுக்குள் இருந்தது என்ன. இறந்த பறவையின் கண்ணும் கால் தோலும் சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும். அதனால் சுட்ட உடனே எழுதியாக வேண்டும். மரங்கொத்தியின் வயிற்றில் எறும்பு இருந்தது என்று அப்படி எழுதி வைத்த குறிப்புகள் குவியக் குவியத்தான், அது மரத்தை அழிக்கிற பறவை அல்ல, மரத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்கிற பறவை என்பது சான்றோடு நிலைபெற்றது.

தோல்களைப் படித்துக் குறிப்பு எழுத ஹியூ விஸ்லர் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி இங்கிலாந்தில் இருந்தார். சாலிம் அலியின் அறிக்கை விஸ்லரின் குறிப்புகளோடு 1935 முதல் 1937 வரை பம்பாய் இதழில் தொடராக வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1934இல், விஸ்லரும் பறவையியலாளர் கின்னியரும் மேற்குக் கடற்கரையின் பொன்முதுகு மரங்கொத்தியைத் தனித் துணை இனமாகப் பிரித்து, அதற்குத் தெஹ்மினா அலியின் பெயரைச் சூட்டினார்கள். பிரித்ததற்குக் காரணங்களில் ஒன்று, அதன் முதுகின் பொன் நிறத்தில் மற்ற இடத்துப் பறவைகளைவிடப் பச்சை கலந்திருப்பது. மலையாளக் கரைத் தோப்புகளில் தினமும் கூவும் பறவை ஒரு பெண்ணின் பெயரைச் சுமப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெஹ்மினா 1939இல், சாதாரண அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் நச்சு பரவி இறந்துபோனார். அவர் நடத்திய முகாம்களின் அறிக்கையில் ஆசிரியர் பெயராக அவர் பெயர் இல்லை. ஒரு மரங்கொத்தியிடம்தான் இருக்கிறது.

சாலிம் அலியின் அறிக்கை 1953இல் ‘திருவிதாங்கூர் – கொச்சிப் பறவைகள்’ என்ற நூலாகப் பெருகியது. அது வெளிவந்தபோது நாஞ்சில் நாடு அந்த நூலின் நிலப்பரப்புக்கு உள்ளே இருந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்தானே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, நேசமணி முதலானோரின் நீண்ட போராட்டத்தின் பலனாக அந்த நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அது நியாயமான வெற்றி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் பறவை நூல்கள் புதிய எல்லையைப் பின்பற்றின. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய புகழ்பெற்ற மலையாள நூல் 1958இல் கேரளத்துப் பறவைகள் என்ற தலைப்போடு வந்தது. சாலிம் அலியின் நூலும் 1969இல் ‘கேரளப் பறவைகள்’ என்று மறுவடிவம் பெற்றது. 2015 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து அளந்து, பறவை வரைபடத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். இந்திய அளவில் முன்மாதிரியான வேலை. மாநில எல்லையான களியக்காவிளையில் அந்தக் கட்டங்கள் நின்றுவிட்டன. இந்தப் பக்கம், தமிழில் பறவை எழுத்து வளர்ந்த மையங்கள் சென்னை, கோவை, நீலகிரி, வேடந்தாங்கல் என்று வடக்கேயும் மேற்கேயும் இருந்தன. குமரி என்றால் சுசீந்திரம், தேரூர்க் குளங்களின் வலசைப் பறவைகள். அவற்றுக்குச் சிறப்பு நியாயமாகவே கிடைத்தது. 2022இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் ராம்சர் பட்டியலில் ஏறியது. குளத்துப் பறவைக்கு ஆள் சேர்ந்தார்கள். மலையடிவாரத்து மரங்கொத்தி இரண்டு மாநிலத்து நூல்களுக்கும் நடுவில் விழுந்தது.

இதற்கிடையில் பறவையின் வீடு மாறிக்கொண்டே இருந்தது. காப்பித் தோட்டங்கள் இலை நோயில் சரிந்தன. இந்தியாவில் வணிக நோக்கில் ரப்பர் 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தொடங்கியது. சாலிம் அலி தென்னிந்தியாவிலேயே பறவை வளம் மிக்கது என்று பாராட்டிய இடமும் அதுதான். ரப்பர் குமரி மலையடிவாரத்தையும் பிடித்தது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கத்து அரசுத் தோட்டங்களை நிர்வகிக்க 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவானது.

ரப்பர் தோட்டம் மரங்கொத்திக்கு வீடா என்று கேட்டால், பாதி வீடு என்று சொல்லலாம். மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, தரையில் எறும்பு இருக்கிறது. பொந்து போடத் தோதான பட்டமரம் இல்லை. ரப்பர் மரம் முப்பது வயதை ஒட்டிப் பால் வற்றியதும் வெட்டி விற்கப்படுகிறது. தோட்டம் முழுக்க ஒரே வயது மரங்கள். மரங்கொத்திக்குத் தேவை உள்ளே மக்கிய, வெளியே உறுதியான மரம். காட்டின் ஓரத்தில் நிற்கும் பழைய அயினியும், தலைபோன மொட்டைத் தென்னையும், இடி விழுந்த பிலாவும்தான் அதற்குக் குடியிருப்பு. அது குடைந்துவிட்டுப் போன பொந்தில் மறு ஆண்டு கிளியும் மைனாவும் குடியேறும். ‘காய்க்காத மரம் எதுக்கு நிக்குது’ என்று விளையில் கோடரி வைக்கும்போது இந்த மூன்று குடும்பமும் சேர்ந்து வெளியேறுகின்றன.

பார்க்க ஆசைப்படுகிறவர் கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகும் சாலையில், வெயில் ஏறும் முன் மெதுவாக நடந்தால் போதும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரமே இதற்குத் தாராளம். கொத்தும் சத்தத்தை நம்பிப் போகக் கூடாது. பச்சை மரங்கொத்திகள் அதிகம் தட்டுவதில்லை. மஞ்சள் பிடரி மரங்கொத்தி பருந்துக் குஞ்சின் குரல்போல நீட்டி ஒரு முறை அழைக்கும், பிறகு வெகுநேரம் மௌனம். இரட்டைவால் குருவியும் சிலம்பன்களும் கூட்டமாக இரை தேடி வந்தால் அதன் பின்னால் இதுவும் வரும். ஆகவே ஒரு குருவி தெரிந்ததும் நகராமல் நிற்க வேண்டும், பின்னால் வருவது வரட்டும். ஆளைக் கண்டால் மரங்கொத்தி மரத்தின் மறுபக்கம் போய்விடும். ஓடித் துரத்தினால் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். அசையாமல் இருந்தால் அடிமரத்தின் ஓரத்திலிருந்து முதலில் அலகும் பிறகு ஒரு கண்ணும் எட்டிப் பார்க்கும்.

செதில்வயிற்றுப் பறவைக்குத் தரையைப் பார்க்க வேண்டும். ரப்பர் வரிசையின் ஓரத்திலோ தேக்குக்கு அடியிலோ கறையான் புற்றின் பக்கத்தில் குந்தி, அலகால் மண்ணை இரண்டு தட்டு தட்டிவிட்டு நாக்கை உள்ளே விடும். மண்டையோட்டைச் சுற்றிக்கொண்டு போகும் எலும்பின் மேல் அமைந்த நீண்ட, பிசுபிசுப்பான நாக்கு அது. பால்வெட்டுக்கு விடியற்காலையில் போகிறவர்கள்தான் இதை அதிகம் பார்ப்பவர்கள். அவர்கள் பார்த்ததை யாரும் கேட்டு எழுதியதில்லை.

எழுதச் சரியான காலம் தை. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கண்டதை இணையத்தில் பதிவு செய்யலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த நாட்களில் குமரி மலையடிவாரத்து ரப்பர் இலை உதிர்த்து நிற்கும். மற்ற மாதங்களில் இலைக்குள் மறையும் பச்சைப் பறவை அப்போது வெறுங்கிளையில் தெரியும். அடுத்து முருக்கும் இலவும் பூக்கும். பூவில் தேன் குடிக்கவும் செதில்வயிற்று மரங்கொத்தி வரும். ஃபெர்குசனும் பூர்டில்லனும் எழுதியதுபோல மரத்தின் பெயர், உயரம், பொந்து இருந்தால் அதன் திசை, தரையில் என்ன எறும்பு என்பதையும் சேர்த்து எழுதினால், 1956க்குப் பிறகு எந்த நூலிலும் சரியாக இடம் கிடைக்காத தோவாளை, கல்குளம், விளவங்கோட்டு மலையோரத்துக்கு அதன் சொந்தக் கணக்கு தொடங்கிவிடும்.